பெட்டிக்கு இத்தனை சதம்: உராபா வாழைத்தோட்டங்களின் கணக்குப் புத்தகம்

2024 ஜூன் 10ஆம் திகதி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வெஸ்ட் பாம் பீச் சமஷ்டி நீதிமன்றத்தில் ஒரு ஜூரி சபை தனது முடிவை அறிவித்தது. வாழைப்பழ வியாபாரத்தில் உலகின் மிகப்பெரிய கம்பனிகளில் ஒன்றான சிக்கீட்டா, கொலம்பியாவின் துணை இராணுவக் குழு ஒன்றுக்குத் தெரிந்துகொண்டே பணம் கொடுத்து வந்திருக்கிறது. அந்தக் குழு கொன்ற எட்டுப் பேரின் மரணத்துக்குக் கம்பனியும் பொறுப்பு. கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள் 16 பேருக்கு 38.3 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்க வேண்டும்.

அமெரிக்கப் பெருங்கம்பனி ஒன்று இன்னொரு நாட்டில் நடந்த பாரதூரமான மனித உரிமை மீறலுக்குத் துணைபோனது என்று அமெரிக்க ஜூரி சபை ஒன்று தீர்ப்பளித்தது இதுவே முதல் தடவை என்று குடும்பங்களின் சட்டத்தரணிகள் சொன்னார்கள். நான் அதை அன்று ஒரு வெளிநாட்டுச் செய்தியாகத்தான் கடந்துபோனேன். பிறகொரு நாள் வழக்கின் விபரங்களை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு சிறுமி தாயுடனும் சிறிய தகப்பனுடனும் டாக்ஸியில் தோட்டத்துக்குப் போகிறாள். ஆயுததாரிகள் வண்டியை மறித்து இருவரையும் கொன்றுவிடுகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் கையில் நகரத்துக்குத் திரும்பிப் போக பஸ் காசு கொடுத்து அனுப்புகிறார்கள். 65 சதம்.

இந்தக் கட்டுரை அந்த 65 சதத்தைப் பற்றியதும், அந்தப் பிரதேசத்திலிருந்து கப்பலேறிய ஒவ்வொரு பெட்டி வாழைப்பழத்துக்கும் எண்ணிக் கொடுக்கப்பட்ட வேறு சில சதங்களைப் பற்றியதும்.

கொலம்பியாவின் வடமேற்கு மூலையில், பனாமா எல்லையை ஒட்டி, கரீபியன் கடலின் ஒரு குடாவைச் சுற்றி இருக்கிறது உராபா. அப்பர்த்தாதோ, துர்போ, கரெப்பா, சிகொரொதோ என்று வரிசையாக நான்கு ஊர்கள். அவற்றைச் சுற்றி சுமார் 35,000 ஹெக்டேயரில் வாழை. நீர்வேலிப் பக்கம் வாழைத்தோட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தோட்டமாகத் தெரியாது, தொழிற்சாலையாகத்தான் தெரியும். எங்கள் ஊரில் கதலி, கப்பல், இதரை, மொந்தன் என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கவென்டிஷ் என்ற ஒரே இனம். விதையில்லாத இனம், வாழைக்குட்டி பிரித்து வைத்து வளர்ப்பது. ஆகவே ஒவ்வொரு மரமும் பக்கத்து மரத்தின் அச்சுப் பிரதி.

வாழைப்பொத்தி விரிந்து காய் தெரியத் தொடங்கியதும், பூச்சிகொல்லி ஊட்டிய நீல நிறப் பொலித்தீன் பை ஒன்றைக் குலைக்கு மாட்டுவார்கள். அந்த வாரத்துக்குரிய நிறத்தில் ஒரு நாடா கட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் அந்த நிற நாடா கட்டிய குலைகள் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். ஒருவர் வெட்ட, இன்னொருவர் தோளில் தாங்குவார். 25, 30 கிலோ பாரம். தோட்டத்துக்குள் தலைக்கு மேலால் ஓடும் கம்பித் தடத்தில் குலைகளைக் கொழுவி, இருபதுக்கு மேற்பட்ட குலைகளை ஒரு கோச்சி போல ஒரு மனிதர் இழுத்துக்கொண்டு போவார். பொதிசெய்யும் கொட்டிலில் பெண்கள் சீப்பு சீப்பாக வெட்டித் தொட்டித் தண்ணீரில் பால் கழுவி, வெட்டுவாயில் பங்கசுநாசினி பூசி, ஸ்டிக்கர் ஒட்டி, 18.14 கிலோ பெட்டிகளில் அடுக்குவார்கள். பழத்தில் ஒரு கீறல் இருந்தாலும் ஐரோப்பியச் சந்தைக்கு ஆகாது. கூலியின் பெரும்பகுதி நேரத்துக்கல்ல, செய்து முடிக்கும் வேலையின் அளவுக்குத்தான்.

மேலே விமானம். இலையைக் கருக்கும் கருஞ் சிகடோகா என்ற பங்கசு நோய்க்கு ஆண்டு முழுவதும் விமானத்திலிருந்து மருந்தடிப்பார்கள். மத்திய அமெரிக்காவின் சில தோட்டங்களில் வருடத்துக்கு நாற்பது தடவைக்கு மேல். தோட்டத்துக்கும் லயத்துக்கும் பாடசாலைக்கும் இடையில் விமானத்துக்கு எல்லை தெரியாது. அப்படித் தெளிக்கப்படும் மருந்துகளில் ஒன்றான மான்கோசெப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் தன் வயல்களுக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. மருந்தடித்த பழத்தை இறக்குமதி செய்வது நிற்கவில்லை.

இப்படி ஒரு வேலையில் தொழிற்சங்கம் இல்லாமல் ஒரு சதம்கூடக் கூட்டிக் கேட்க முடியாது. கொலம்பியாவின் வாழைத் தொழிலாளர்கள் அதை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். சிக்கீட்டாவின் பழைய பெயர் யுனைற்றட் புரூட் கம்பனி. 1928 நவம்பரில் அதன் கொலம்பியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை, எட்டு மணிநேரம், கம்பனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் துண்டுகளுக்குப் பதிலாகக் காசாகச் சம்பளம். கேட்டவற்றில் சில இவை. டிசம்பர் 5ஆம் திகதி இரவு சியெனகா புகையிரத நிலையச் சதுக்கத்தில் திரண்டு நின்ற கூட்டத்தின்மீது, நள்ளிரவு கடந்து இராணுவம் சுட்டது. தளபதி கோர்தேஸ் வர்காஸ் ஏற்றுக்கொண்ட கணக்கு 47. அமெரிக்கத் தூதரகம் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்தியில் ஆயிரத்துக்கு மேல். கார்சியா மார்க்கேஸ் தனது 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் மூவாயிரம் என்று எழுதினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தும் இறந்தவர்களின் எண்ணிக்கையில் இணக்கம் இல்லை. முள்ளிவாய்க்காலின் எண்ணிக்கையைப் பற்றி ஒவ்வொரு மே மாதமும் வாதிடவேண்டியிருக்கும் எங்களுக்கு இது புதிதல்ல.

உராபாவின் போர் அதற்குப் பிந்தியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே பார்க், ஈபிஎல் என்ற இரண்டு இடதுசாரி ஆயுத இயக்கங்கள் தோட்டங்களுக்குள் வேரூன்றின. தொழிற்சங்கங்கள் இயக்கங்களின் நிழலில் வளர்ந்தன, அதற்காகவே பழிவாங்கவும்பட்டன. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1991இல் ஈபிஎல்லின் பெரும்பகுதி ஆயுதத்தைக் கீழே வைத்து அரசியலுக்கு வந்தபோது, அவர்களைத் துரோகிகள் என்று வேட்டையாடியது பார்க் இயக்கம். 1994 ஜனவரி 23ஆம் திகதி அப்பர்த்தாதோவின் லா சினீத்தா குடியிருப்பில், ஒரு கொண்டாட்டத்துக்குக் கூடியிருந்தவர்களில் 35 பேரை பார்க் சுட்டுக் கொன்றது. செத்தவர்கள் வாழைத்தோட்டத் தொழிலாளர்களும் அயலவர்களும். விடுதலை பேசிய ஆயுதம் தொழிலாளியைக் கொன்ற கதை அது. அதை விட்டுவிட்டுக் கம்பனியின் கதையை மட்டும் எழுதினால் அது பாதிக்கதை.

சிக்கீட்டாவும் அந்த ஆண்டுகளில் இயக்கங்களுக்குப் பணம் கொடுத்தது. 1989 அளவிலிருந்து 1997 வரை பார்க், ஈஎல்என் இயக்கங்களுக்கு. 1997இல் நிலைமை மாறியது. வலதுசாரித் துணை இராணுவக் குழுக்கள் ஏயூசி என்ற ஒரே பெயரில் ஒன்றிணைந்து உராபாவைக் கைப்பற்றின. அதன் தலைவர் கார்லோஸ் கஸ்தானோ, சிக்கீட்டாவின் கொலம்பியத் துணைக் கம்பனியான பனாடெக்ஸின் முகாமையாளரைச் சந்தித்தார். அதன்பிறகு பணம் ஏயூசிக்குப் போகத் தொடங்கியது. நேரடியாக அல்ல, 'கொன்விவிர்' என்ற பெயரில் அரசாங்கமே அனுமதி கொடுத்திருந்த தனியார் பாதுகாப்புச் சங்கங்கள் ஊடாக. கணக்குப் புத்தகத்தில் அது பாதுகாப்புச் சேவைக்கான செலவு. பெயர்ப்பலகை சட்டபூர்வமானது, பின்கதவால் போனது கொலைக்குழுவுக்கு. ஊரில் எங்களோடு தமிழ் பேசிக்கொண்டு இராணுவ முகாமுக்குள் தங்கியிருந்த குழுக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று விளங்கும்.

உராபாவில் ஏயூசியின் ஒரு பிரிவுக்குப் பெயரே 'வாழைப் படைப்பிரிவு'. அதன் தளபதி ராவுல் அஸ்பூன் தானே ஒரு வாழைத்தோட்ட முதலாளி. ஆயுதங்களைக் கையளித்த பிறகு தளபதிகள் கொடுத்த சாட்சியங்களில் ஒரு விபரம் வந்தது. வாழைக் கம்பனிகளிடமிருந்து பணம் வசூலித்தது மொத்தத் தொகையாக அல்ல, ஏற்றுமதியாகும் பெட்டிக்கு இத்தனை சதம் என்ற கணக்கில். அதாவது, ஒரு பெட்டிப் பழத்தின் விலைக்குள் போக்குவரத்துச் செலவும் பெட்டிச் செலவும் இருப்பதுபோல ஏயூசியின் பங்கும் இருந்தது. 2001 நவம்பரில் நிக்கரகுவாவிலிருந்து வந்த கப்பலொன்று துர்போவில் பனாடெக்ஸ் கையாண்ட துறையில் 3,000 அளவான ஏகே-47 துப்பாக்கிகளையும் மில்லியன் கணக்கான ரவைகளையும் இறக்கியது. அவை ஏயூசியிடம் போய்ச் சேர்ந்தன. அமெரிக்க நாடுகள் அமைப்பு இதை விசாரித்து 2003இல் அறிக்கை வெளியிட்டது.

இந்த ஆண்டுகளில் உராபாவில் கொல்லப்பட்ட தொழிற்சங்கத்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். வேலைநிறுத்தங்கள் அடங்கின. காணிகள் கைமாறின. 'பாதுகாப்பு' என்று எழுதப்பட்ட செலவு உண்மையில் எதை வாங்கியது என்பது இதில் இருக்கிறது.

கம்பனியின் பதில் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுதான். எங்களை மிரட்டினார்கள், கொடுத்திராவிட்டால் எங்கள் ஊழியர்களைக் கொன்றிருப்பார்கள், இது கப்பம்.

இந்த வாதத்தை நான் இலேசாக ஒதுக்க விரும்பவில்லை. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கடை வைத்திருந்தவர்களுக்குக் கப்பம் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரே மாதத்தில் இரண்டு மூன்று தரப்புக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கொடுத்ததற்காக இன்னொரு தரப்பிடம் அடி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் அந்தக் கடைக்காரருக்குக் கடையை மூடிவிட்டு வேறு நாட்டில் கடை திறக்க வழியிருக்கவில்லை. சிக்கீட்டாவுக்கு இருந்தது. 2001 செப்டெம்பர் 10ஆம் திகதி அமெரிக்கா ஏயூசியைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அன்றிலிருந்து பணம் கொடுப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அதன்பிறகும் 2004 பெப்ரவரி வரை சிக்கீட்டா 50 தடவைகள், மொத்தம் 825,000 டொலருக்கு மேல் கொடுத்தது. அதே காலப்பகுதியில் பனாடெக்ஸ் ஈட்டிய இலாபம் 49.4 மில்லியன் டொலர். 2003 பெப்ரவரியில் கம்பனியின் சொந்தச் சட்டத்தரணிகளே உடனடியாக நிறுத்துங்கள், அங்கிருந்து வெளியேறுங்கள் என்று எழுத்தில் ஆலோசனை கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு வருடம் கொடுத்தார்கள். 2004இல் பனாடெக்ஸை விற்றார்கள். விற்ற பிறகும் அங்கிருந்து பழம் வாங்கினார்கள்.

புளோரிடா ஜூரி சபையின் முன்னிருந்த கேள்விகளில் ஒன்று இதுதான்: உண்மையிலேயே வேறு வழி இருக்கவில்லையா? வேறு வழியில்லை என்பதைக் கம்பனி நிரூபிக்கவில்லை என்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

இனி வாசகர்கள் அதிகம் கேள்விப்பட்டிராத ஒரு பக்கம். 1992இல் சிக்கீட்டா, ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் என்ற சூழலியல் அமைப்போடு சேர்ந்து தன் தோட்டங்களைச் 'சிறந்த வாழை' என்று சான்றுபடுத்தத் தொடங்கியது. ஆற்றங்கரையில் மரம் நடுதல், பொலித்தீன் பைகளைச் சேகரித்தல், மருந்தடிப்பவருக்குக் கையுறை, கழிவுநீர் வடிகட்டல். 2000ஆம் ஆண்டளவில் இலத்தீன் அமெரிக்காவில் கம்பனிக்குச் சொந்தமான தோட்டங்கள் அனைத்தும் சான்று பெற்றன, கொலம்பியத் தோட்டங்களும்தான். 2001 ஜூனில் சர்வதேச உணவுத் தொழிலாளர் சங்கத்தோடும் இலத்தீன் அமெரிக்க வாழைத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்போடும் தொழிற்சங்க உரிமை பற்றிய ஒப்பந்தமொன்றில் கையெழுத்திட்டது. வாழை வியாபாரத்தில் அதுவரை எந்தக் கம்பனியும் செய்யாத காரியம். நிர்வாகவியல் வகுப்புகளில் அதை முன்மாதிரி என்று படிப்பித்தார்கள்.

ஆண்டுகளைத் திரும்பப் பாருங்கள். 1997 முதல் 2004 வரை ஏயூசிக்குப் பணம். அதே ஆண்டுகளில்தான் சான்றிதழும் ஒப்பந்தமும். இரண்டும் பொய்யில்லை என்பதுதான் என்னைக் குழப்பியது. மரங்கள் உண்மையில் நடப்பட்டன. கையுறைகள் உண்மையில் கொடுக்கப்பட்டன. தோட்டத்துக்கு வந்த பரிசோதகர் குறித்துக்கொண்ட ஒவ்வொரு விடயமும் சரியாக இருந்திருக்கக்கூடும். ஆனால் அவருடைய படிவத்தில் மருந்துக் களஞ்சியத்துக்குக் கட்டம் இருந்தது. மாதாமாதம் கொன்விவிருக்குப் போகும் காசோலைக்குக் கட்டம் இருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஏன் சங்கச் செயலாளரைக் காணவில்லை என்பதற்கும் இருக்கவில்லை. போர்ப் பிரதேசமொன்றில் 'நிலைபேறான அபிவிருத்தி' என்று சொல்லிக்கொண்டு வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்க நினைப்பது இப்போது இதைத்தான்: அந்தக் காணிக்குப் போகும் பாதையில் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

2007இல் சிக்கீட்டா அமெரிக்க நீதித் திணைக்களத்திடம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 100க்கு மேற்பட்ட கொடுப்பனவுகள், 1.7 மில்லியன் டொலருக்கு மேல். தண்டப் பணம் 25 மில்லியன் டொலர். அது அமெரிக்கத் திறைசேரிக்குப் போனது. உராபாவின் விதவைகளுக்கு ஒரு சதமும் போகவில்லை. தீர்மானம் எடுத்த அதிகாரிகளின் பெயர்கள்கூட அந்த ஆவணத்தில் இல்லை, எழுத்தால் குறிக்கப்பட்ட 'தனிநபர்கள்' மட்டும்தான். அப்போது கம்பனிக்காக வாதாடிய எரிக் ஹோல்டர் 2009இல் அமெரிக்காவின் சட்டமா அதிபரானார்.

ஆனாலும் அந்த ஒப்புதல்தான் கதவைத் திறந்தது. அதே ஆண்டில் கொலம்பியக் குடும்பங்கள் அமெரிக்க நீதிமன்றங்களில் நட்டஈட்டு வழக்குகளைத் தொடுத்தன. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் புனைபெயர்களில், ஏனென்றால் ஊரில் கொன்றவர்கள் இன்னும் இருந்தார்கள். 2011இல் தேசிய பாதுகாப்பு ஆவணக் காப்பகம் என்ற வாஷிங்டன் அமைப்பு, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வாதாடிப் பெற்ற 5,500க்கு மேற்பட்ட பக்கங்களை வெளியிட்டது. கம்பனியின் உள்ளகக் குறிப்புகள், கணக்காய்வாளர் எழுதிய ஓரக் குறிப்புகள், கொடுப்பனவுப் பட்டியல்கள். யாருக்கு, எந்த மாதம், எத்தனை பெசோ. கம்பனிகள் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். செலவை எழுதினால்தானே வரியில் கழிக்கலாம், பங்குதாரருக்குக் காட்டலாம். கொன்றவன் கணக்கு வைக்கவில்லை, பணம் கொடுத்தவன் வைத்திருந்தான்.

அதன்பிறகும் பாதை நேராக இருக்கவில்லை. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், வெளிநாட்டில் நடந்தவற்றுக்கு அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுப்பதை வெகுவாகச் சுருக்கியது. அதைக் காட்டி 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குடும்பங்களின் பிரதான கோரிக்கைகளைத் தள்ளிவிட்டது. சட்டத்தரணிகள் கொலம்பியாவின் சொந்தக் குடியியல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கைத் தொடர்ந்தார்கள். கீழ் நீதிமன்றம் சாட்சியம் போதாது என்று மீண்டும் மூடியது. 2022இல் மேன்முறையீட்டில் மீண்டும் திறந்தது. கடைசியில் ஆயிரக்கணக்கான வழக்குகளிலிருந்து மாதிரிக்கு எடுத்த ஒன்பது கொலைகள் 2024 ஏப்ரலில் ஜூரி சபைக்கு முன் வந்தன. அதற்குள் 17 ஆண்டுகள் போய்விட்டிருந்தன. மற்றவர்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். தீர்ப்பை ஏற்கவில்லை, மேன்முறையீடு செய்வோம் என்று கம்பனி அறிவித்தது. 2025 ஜூலையில் கொலம்பிய நீதிமன்றமொன்று, ஏயூசிக்கு நிதி கொடுத்தமைக்காகக் கம்பனியின் முன்னாள் அதிகாரிகள் ஏழு பேருக்கு 11 வருடத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அதுவும் மேன்முறையீட்டுக்கு உட்பட்டது.

தோட்டங்களின் இன்றைய நிலை பற்றிச் சுருக்கமாக. கொலம்பியாவில் மிஞ்சிய சங்கம் துறை முழுவதற்கும் கூட்டு ஒப்பந்தம் பேசுகிறது. அந்தப் பிராந்தியத்தில் அது அரிது. உலகிலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் எக்குவடோரில் பெரும்பாலான தோட்டங்களில் சங்கமே இல்லை. ஆகவே கொலம்பியத் தொழிலாளி தன் ஒப்பந்தத்தைப் பேச உட்காரும்போதெல்லாம் எக்குவடோரின் மலிவான பெட்டி மேசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐரோப்பிய சுப்பர்மார்க்கெட்டுகளுக்கு வாழைப்பழம் வாடிக்கையாளரை இழுக்கும் சாமான், அதன் விலையை ஏற்ற எவரும் விரும்புவதில்லை. லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் எங்கள் உறவுகள் வாங்கும் பழத்தின் விலையில் தோட்டத் தொழிலாளிக்குப் போய்ச் சேர்வது பத்தில் ஒரு பங்கும் இல்லை. பனாமாவில் 2025 ஏப்ரலில் ஓய்வூதியச் சட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த சுமார் 5,000 பேரைச் சிக்கீட்டா மே மாதத்தில் ஒரே அறிவிப்பில் வேலைநீக்கியது. பிறகு ஒகஸ்ட்டில் அரசாங்கத்தோடு புதிய உடன்பாடு செய்துகொண்டு திரும்பி வர இணங்கியது. திரும்பியபோது யாரை எடுப்பது, யாரை விடுவது என்பது கம்பனியின் கையில்.

நிலமும் பழிவாங்குகிறது. ஐம்பதுகளில் குரோ மிஷெல் என்ற இனத்தைப் பனாமா வாடல்நோய் அழித்தபோதுதான் கம்பனிகள் கவென்டிஷுக்கு மாறின. இப்போது அதே நோயின் புதிய வடிவம் கவென்டிஷையும் தின்கிறது. 2019 ஒகஸ்ட்டில் அது கொலம்பியாவின் லா குவாஹிராவில் உறுதிசெய்யப்பட்டது, நாடு அவசரநிலை அறிவித்தது. மண்ணில் பல தசாப்தங்கள் உயிரோடு இருக்கும், மருந்து கிடையாது. தோட்ட வாசலில் சப்பாத்தைக் கிருமிநாசினித் தொட்டியில் தோய்த்துத்தான் உள்ளே போகலாம். ஒரே அச்சுப் பிரதியை ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் நட்டதன் விலை அது. தோட்டம் கைவிடப்பட்டால் முதலில் வேலை இழப்பவர் அந்தச் சப்பாத்தைத் தோய்க்கிறவர்தான்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கும் கொட்டகைக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தபோது, இந்தத் தீர்ப்பின் கதையை ஒரு அம்மாவுக்குச் சொன்னேன். மகனுடைய படமும் கடிதங்களும் ஒரு பிளாஸ்ரிக் கோப்புக்குள் இருந்தன. சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார்.

"காசு குடுத்ததுக்குத் துண்டு இருந்ததே, பிள்ளை?"

"ஓம் அம்மா. அவையளே எழுதி வைச்சிருந்தவை."

"அப்ப எங்கடையளுக்கும் உப்பிடி அமெரிக்காவிலை போடேலாதே?"

போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். 2006 ஜனவரியில் திருகோணமலையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களில் ஒருவரின் தகப்பன் உட்படச் சில குடும்பத்தினர், 2011இல் வாஷிங்டனில் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். பதவியிலிருக்கும் நாட்டுத் தலைவருக்குச் சட்ட விலக்கு உண்டு என்று அமெரிக்க அரசாங்கமே நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தது. 2012இல் வழக்குத் தள்ளுபடியானது, 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கொலையின் உண்மையைப் பற்றி ஒரு சாட்சியையும் அங்கே எவரும் கேட்கவில்லை. கம்பனிக்கு அந்த விலக்கு கிடையாது. உராபாக் குடும்பங்கள் அரசாங்கத்தைத் தொட முடியாமல், அரசாங்கத்தின் அனுமதிப் பலகைக்குப் பின்னால் பணம் கொடுத்தவரைப் பிடித்தார்கள். இங்கே போருக்குள் யார் யார் எதை விற்றார்கள், எதை வாங்கினார்கள், எந்தக் காணியில் இப்போது யார் முதலீடு செய்கிறார்கள் என்ற கணக்கை நாங்கள் இன்னும் தேடத் தொடங்கவில்லை. அம்மாவிடம் இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. சனாதிபதியை விட்டிட்டினம், கம்பனியை விடேல்லை என்று சொன்னேன்.

"எத்தினை குடும்பத்துக்கு வென்றது எண்டனீங்கள்?"

"ஒன்பது கொலையை விசாரிச்சவை அம்மா. எட்டுக்குத்தான் வென்றது. மற்றதை அந்தக் குழுதான் செய்தது எண்டு ஜூரி ஏற்கேல்லை."

அவர் கோப்பைத் திறந்து, மகனுடைய படத்துக்குப் பின்னாலிருந்த கடிதங்களைத் திகதி பார்த்து மீண்டும் ஒழுங்காக அடுக்கினார். செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டின் போட்டோப் பிரதி.

"அப்ப அந்த ஒன்பதாவது குடும்பம் துண்டுகளை வைச்சிருக்கும்தானே?"